ஓர் ஊசியும் ஒரு லட்சம் வெள்ளியும்

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம் எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு நேரப் பேச்சு முழுவதும் ஒரே செய்தியைப் பற்றித்தான். எலும்பு சிகிச்சை நிபுணர் ஒருவருக்கு 100,000 வெள்ளி அபராதம். மணிக்கட்டு வலியோடு வந்த நோயாளிக்கு அவர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். அதனால் என்னென்ன பக்க விளைவுகள் வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லவில்லை. அதுதான் குற்றச்சாட்டு.

மேசையைச் சுற்றி உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. “நல்லா வேணும். ரெண்டு நிமிஷம்கூட நம்மகிட்ட பேச மாட்டேங்கிறாங்க” என்றார் ஒருவர். “ஓர் ஊசிக்கு ஒரு லட்சமா? அப்புறம் எந்த டாக்டர் ஊசியைத் தொடுவார்?” என்றார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எழுபது வயதைக் கடந்த அம்மாவை மாதத்துக்கு ஒருமுறையாவது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவன் நான். மருத்துவரை யார், எப்படி, எந்த அளவுக்குக் கண்காணிப்பது என்பது எனக்கு வெறும் சட்டக் கேள்வி அன்று. அந்தச் செய்திக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைத் தொடர்ந்து படித்து வந்தேன். இந்த வேலை எவ்வளவு சிக்கலானது என்பது அப்போதுதான் புரிந்தது.

மன்றத்தின் வேலை என்ன?

சிங்கப்பூரில் மருத்துவராகத் தொழில் செய்ய வேண்டுமானால், சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். செல்லத்தக்க தொழில் சான்றிதழும் வேண்டும். அதைப் புதுப்பிக்க, மருத்துவர் தொடர்ந்து படித்துக்கொண்டிருப்பதைக் காட்ட வேண்டும். மருத்துவப் பதிவுச் சட்டம் இந்த அதிகாரங்களை மன்றத்துக்கு வழங்குகிறது.

மருத்துவர்மீது புகார் வந்தால் விசாரிப்பதும் அந்தச் சட்டத்தின்கீழ்தான். குற்றம் உறுதியானால் கண்டிக்கலாம். 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். மூன்று ஆண்டுகள் வரை தொழில் செய்யத் தடை விதிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலான தண்டனை, பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்குவது.

நம்மில் பலர் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. பாதிக்கப்பட்ட நோயாளிக்கு மன்றம் இழப்பீடு வாங்கித் தருவதில்லை. அதற்குத் தனியாக வழக்குத் தொடுக்க வேண்டும், அல்லது சமரசப் பேச்சில் தீர்வு காண வேண்டும். மன்றத்தின் கேள்வி வேறு. இந்த மருத்துவர் இனியும் மற்றவர்களுக்கு சிகிச்சை அளிக்கத் தகுந்தவரா, தொழிலின் தரத்தைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்பதே அது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு மருத்துவர் செய்தது சரியா தவறா என்று சொல்ல இன்னொரு மருத்துவரால்தான் முடியும். வயிற்றைத் திறந்தபோது அங்கே என்ன இருந்தது, அந்த நேரத்தில் வேறு வழி இருந்ததா என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் உலகின் பல நாடுகளில் மருத்துவர்களே மருத்துவர்களைக் கண்காணிக்கும் முறை வளர்ந்தது. ஆனால், ‘தங்கள் ஆள்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்வார்கள்’ என்ற சந்தேகமும் அந்த முறையோடு சேர்ந்தே வளர்ந்தது.

தண்டனை போதாமல் போனபோது

அந்தச் சந்தேகம் முழுக்க ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. 2009 டிசம்பரில் ஒருவர் உடல் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சைக்காக ஒரு மருந்தகத்துக்குச் சென்றார். உயிருக்கு ஆபத்தான நோய் எதுவும் அவருக்கு இல்லை. தோற்றத்துக்காகச் செய்துகொண்ட சிகிச்சை அது. அவருக்கு புரோபோஃபோல் என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்டது. மூச்சுப்பாதை அடைபடாமல் நொடிக்கு நொடி கவனிக்க வேண்டிய மருந்து அது. அந்த மருந்தைக் கையாள்வதில் அங்கிருந்த இரண்டு மருத்துவர்களுக்கும் உரிய பயிற்சி இல்லை. நோயாளி அன்றே இறந்துபோனார்.

ஒழுங்குத் தீர்ப்பாயம் முதன்மை மருத்துவருக்கு விதித்த தண்டனை, 18 மாதத் தடை. ஓர் உயிருக்கு ஒன்றரை ஆண்டு. அது போதாது என்று மருத்துவ மன்றமே மேல்முறையீடு செய்தது. 2018 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க உத்தரவிட்டது. உதவிய மருத்துவருக்கான தடைக்காலத்தையும் பல மடங்கு உயர்த்தியது.

உயிர் போனது 2009இல். முடிவு வந்தது 2018இல். இடையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். அந்தக் குடும்பம் இத்தனை காலமும் பதிலுக்காகக் காத்திருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களும் என்ன ஆகுமோ என்ற நிலையில்தான் இருந்திருப்பார்கள். தாமதம் யாருக்கும் நியாயம் செய்வதில்லை.

தண்டனை மிஞ்சிப் போனபோது

இரண்டே மாதங்கள் கழித்து, தராசின் மறுதட்டு கீழே இறங்கியது. தொடக்கத்தில் நான் சொன்ன மணிக்கட்டு ஊசி வழக்கு அது. 2014இல் போட்ட ஊசி. அந்த வகை ஊசி எலும்பு, மூட்டு வலிக்கு அன்றாடம் போடப்படுவது. ஊசிக்குப் பிறகு நோயாளிக்கு வலியும் வீக்கமும் ஏற்பட்டன. ஊசி போட்ட இடத்தில் தோல் மெலிந்து நிறம் மாறியது. அவர் புகார் கொடுத்தார். மருத்துவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மன்றத்தின் தரப்பு ஐந்து மாதத் தடை கேட்டது. மருத்துவரின் தரப்போ தடைக்குப் பதிலாக உச்சவரம்பு அபராதத்தைக் கட்டத் தயார் என்றது. தீர்ப்பாயமும் அதையே விதித்தது.

மருத்துவர்கள் அதிர்ந்துபோனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இணையத்தில் மனுவில் கையெழுத்திட்டார்கள். ஊசி போடவே சிலர் தயங்கினார்கள். பொது மருத்துவர்கள் தாங்களே செய்யக்கூடிய சிகிச்சைக்கும் நோயாளியை நிபுணரிடம் அனுப்பிவிடும் நிலை வருமோ என்ற கவலை எழுந்தது. அப்படி நடந்தால் கூடுதல் செலவும் கூடுதல் காத்திருப்பும் யாருக்கு? நமக்குத்தான்.

சுகாதார அமைச்சு, தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும்படி மன்றத்தைக் கேட்டுக்கொண்டது. மன்றமே நீதிமன்றத்தை நாடியது. 2019 ஜூலையில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தரத்திலிருந்து விலகும் ஒவ்வொரு தவறும் தொழில்முறை ஒழுங்கீனம் ஆகிவிடாது. அந்த அளவுக்குக் கடுமையான விலகலா என்று பார்க்க வேண்டும் என்பது அமர்வு தந்த விளக்கம். தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே மருத்துவம் செய்யும் போக்கு நோயாளிகளுக்குக் கேடு என்றும் அது எச்சரித்தது.

அதே ஆண்டில் இன்னொரு வழக்கும் இப்படியே முடிந்தது. நோயாளியின் கணவர் என்று சொல்லித் தொலைபேசியில் அழைத்தவரின் பேச்சை நம்பி, ஒரு மனநல மருத்துவர் மருத்துவக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அழைத்தவர் கணவர் அல்லர், நோயாளியின் சகோதரர். நோயாளியின் அந்தரங்கத் தகவல் வெளியே போனதற்காக மருத்துவருக்கு 50,000 வெள்ளி அபராதம். பிறகு அதுவும் ரத்தானது.

இந்த வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஓர் உயிரைப் பறித்த கவனக்குறைவுக்கு முதலில் 18 மாதம். ஓர் ஊசிக்கு உச்சவரம்பு அபராதம். நல்லெண்ணம் இல்லாததால் இந்தத் தவறுகள் நேரவில்லை. அளவுகோல் ஓரிடத்தில் நிற்கவில்லை என்பதால் நேர்ந்தவை.

அடுத்த நோயாளியின் அறைக்குள்

ஒரு மருத்துவருக்குக் கொடுக்கும் தண்டனை அவரோடு முடிவதில்லை. மறுநாள் காலையில் இன்னொரு மருத்துவர், இன்னொரு நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும் அது மாற்றிவிடுகிறது.

இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் அம்மாவின் முழங்கால் வலிக்கு ஊசி போடலாம் என்று முடிவானது. கையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். கிருமித்தொற்று, ரத்தக்கசிவு, தோல் நிறமாற்றம், தசைநாண் பாதிப்பு என்று நீண்ட பட்டியல். முழுவதும் ஆங்கிலத்தில். அம்மா அதை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “டாக்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது? எங்கே கையெழுத்துப் போடணும்னு காட்டுடா” என்றார்.

அந்த மருத்துவர் இளைஞர். படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆன்ட்டிக்கு நீரிழிவு இருக்கு, இல்லையா?” என்று என்னிடம் கேட்டார். இந்த ஊசிக்குப் பிறகு சில நாள்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு ஏறலாம், வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் தமிழில் சொன்னேன். அதுவரை ‘சரி, சரி’ என்று தலையாட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். எவ்வளவு ஏறும், எத்தனை நாள், மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில், “தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துக்கிட்டு நடக்கலாமான்னு கேளு” என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு எடை என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

சர்க்கரை ஏறும் என்ற எச்சரிக்கை அந்தப் படிவத்திலும் இருந்தது, பட்டியலின் நடுவே ஒரு வரியாக. பட்டியலுக்கு எல்லா நோயாளியும் ஒன்றுதான். பத்து ஆபத்துகளையும் ஒரே மூச்சில் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் மருத்துவருக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கும். அம்மாவுக்கு எதுவும் விளங்கியிருக்காது. தண்டனைக்குப் பயந்த மருத்துவர் படிவத்தைப் பெரிதாக்குவார். நோயாளியைக் கவனிக்கும் மருத்துவர் கேள்வி கேட்பார். எந்தக் கண்காணிப்பு முறையும் இரண்டாவது வகை மருத்துவரை வளர்க்க வேண்டும். நடைமுறையில் அது முதல் வகையை வளர்த்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

சட்டம் தேடிய நடுவழி

எவ்வளவு சொன்னால் போதும்? இந்தக் கேள்விக்குச் சட்டம் காலத்துக்குக் காலம் வேறு பதில் சொல்லி வந்திருக்கிறது.

1957இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு நெடுங்காலம் இங்கும் வழிகாட்டியாக இருந்தது. பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் அப்படித்தான் செய்வார்கள் என்றால், அந்த மருத்துவர்மீது குற்றமில்லை என்பது அதன் சாரம். 2017இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆலோசனை சொல்லும் கட்டத்தில் மட்டும் இதை மாற்றியது. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் ஒருவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்று நோயாளியின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்றது.

நோயாளிகளுக்கு அது நல்ல செய்திதான். ஆனால், எதைச் சொல்லாமல் விட்டால் எப்போது வம்பு வருமோ என்ற குழப்பம் மருத்துவர்களிடையே கூடியது. 2019இன் ஊசி வழக்கு அந்த அச்சத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அதே ஆண்டு மார்ச்சில் சுகாதார அமைச்சு ஒரு பணிக்குழுவை அமைத்தது. நோயாளியின் சம்மதம் பெறும் முறையையும் ஒழுங்கு நடவடிக்கை முறையையும் அது ஆராய்ந்தது. அதன் பரிந்துரைகளை ஒட்டி 2020 அக்டோபரில் நாடாளுமன்றம் இரண்டு சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. 2022 ஜூலையில் அவை நடப்புக்கு வந்தன.

முதல் திருத்தம் சம்மதம் பற்றியது. மருத்துவர் சொன்னது போதுமா என்பதை மீண்டும் சக மருத்துவர்களின் கருத்தைக் கொண்டே பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த நோயாளியின் சூழ்நிலையில் உள்ளவர் முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவலை மருத்துவர் கருத்தில் கொண்டிருக்க வேண்டும். ‘எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள்’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது, புகார்களைக் கையாளும் முறை. வீண் புகார்களைத் தொடக்கத்திலேயே பிரித்தெடுக்க விசாரணைக் குழு. தீர்ப்பாயங்களை அமைக்க, மருத்துவ மன்றத்திலிருந்து தனித்து இயங்கும் ஒழுங்கு நடவடிக்கை ஆணையம். குற்றம் சாட்டுவதும் தீர்ப்பாயத்தை அமர்த்துவதும் ஒரே அமைப்பாக இருந்த நிலை இதனால் மாறியது. சம்பவம் நடந்து ஆறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருந்தால் பொதுவாகப் புகார் ஏற்கப்படாது. பொதுநலன் கருதி விதிவிலக்கு உண்டு.

கட்டணமும் கைப்பேசியும்

சிகிச்சை அறையைத் தாண்டியும் கண்காணிப்பு போக வேண்டியிருக்கிறது. புருணை அரச குடும்பத்தைச் சேர்ந்த நோயாளி ஒருவருக்கு, 2007இல் சில மாத சிகிச்சைக்காக 20 மில்லியன் வெள்ளிக்கு மேல் கட்டணம் கேட்ட அறுவை சிகிச்சை நிபுணரின் வழக்கைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2013இல் நீதிமன்றம் அவருக்கு விதிக்கப்பட்ட மூன்று ஆண்டுத் தடையை உறுதி செய்தது. நோயாளி பணக்காரராக இருந்தாலும், ஒப்புக்கொண்டாலும், நியாயமான கட்டணம் வாங்குவது மருத்துவரின் அறக்கடமை என்பதை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. எது நியாயம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதற்கு உதவியாக, 2018 நவம்பரில் சுகாதார அமைச்சு தனியார் அறுவை சிகிச்சை நிபுணர்களின் கட்டணங்களுக்கான அளவுகோல்களை வெளியிட்டது.

இளையர்களுக்கு நெருக்கமான புதிய சிக்கல் கைப்பேசியில் இருக்கிறது. காலையில் எழுந்து, செயலியைத் திறந்து, ‘எம்சி’ வாங்குவது எளிதாகிவிட்டது. 2024 டிசம்பரில் தொலைமருத்துவச் சேவை வழங்கிய ஒரு மருந்தகத்தின் உரிமத்தை அமைச்சு ரத்து செய்தது. அங்கு ஒரே மாதத்தில் 100,000க்கும் மேற்பட்ட ஆலோசனைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிந்திருந்தன. 41 மருத்துவர்கள் பற்றி மருத்துவ மன்றத்திடம் புகார் சென்றது.

இந்த வழக்கில் வலியோடு வந்து புகார் சொல்லும் நோயாளியை எதிர்பார்க்க முடியாது. ஒரு நிமிடத்தில் விடுப்பு கிடைத்தவர் மகிழ்ச்சியாகவே இருப்பார். புகார் வந்தால்தான் விசாரணை என்ற பழைய முறை இங்கே கைகொடுக்காது. அதனால்தான் மருத்துவரைப் பதிவு செய்வதோடு நில்லாமல், மருந்தகத்தின் உரிமத்தையும் அமைச்சு கையில் வைத்திருக்கிறது.

நம் கையில் இருப்பவை

சட்டம் எவ்வளவு திருத்தப்பட்டாலும், ஏதோ ஒன்று தவறான பிறகுதான் பெரும்பாலும் அது வந்து சேர்கிறது. அதற்குமுன் நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

புதிய மருத்துவரிடம், குறிப்பாக அழகு சிகிச்சைக்குப் போகுமுன், மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் அவருடைய பெயரைத் தேடிப் பாருங்கள். பதிவு இருக்கிறதா, எந்தத் துறையில் நிபுணர் என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும்.

சிகிச்சைக்குச் சம்மதிக்குமுன் நான்கு கேள்விகள் போதும். இது எதற்காக? வேறு வழி உண்டா? எனக்கு இருக்கும் மற்ற நோய்களோடு இது ஒத்துப்போகுமா? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? மயக்க மருந்து உண்டென்றால், அதை யார் கொடுப்பார், யார் பக்கத்தில் இருந்து கவனிப்பார் என்பதையும் கேளுங்கள்.

பெற்றோரோடு போகிறவர்கள் மருத்துவர் சொல்வதை முழுதாகத் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் பயந்துவிடுவார்கள் என்று நாமாகச் சுருக்கினால், முடிவெடுப்பது அவர்களாக இருக்காது. உடன் செல்ல முடியாத நாளில், தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ இருக்கிறாரா என்று தயங்காமல் கேட்கச் சொல்லுங்கள்.

குறை இருந்தால் முதலில் அந்த மருத்துவமனையிடமே எழுத்துமூலம் கேளுங்கள். விளக்கம் கிடைக்காமல் போவதால்தான் பல மனக்குறைகள் பெரும் புகார்களாக வளர்கின்றன. மருத்துவ மன்றத்திடம் போவதென்றால், எழுத்துமூலப் புகாரோடு சத்தியப் பிரமாணமும் தேவை. இழப்பீடு கோருவது தனிப் பாதை. உடல் பாதிப்பு வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. எந்தப் பாதையாக இருந்தாலும் தேதிகள், மருந்துச் சீட்டுகள், ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மருத்துவரைத் தெய்வமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. அந்த மரியாதை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால், கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு அன்று. மன்றத்தின் விதிப்புத்தகம் தடிமனாவதால் மட்டும் நம் பெற்றோருக்குப் பாதுகாப்பு கூடிவிடாது. கதவைச் சாத்திக்கொண்டு பேசும் அந்தச் சில நிமிடங்களில் மருத்துவர் கேட்கவும் வேண்டும், நோயாளி பேசவும் வேண்டும். அங்கே மருத்துவ மன்றமும் இருக்காது, நீதிபதியும் இருக்க மாட்டார். பக்கத்து நாற்காலியில் நாம் இருப்போம்.